பத்து விநாடி

காட்பாடியில் ஏசி ஹால், இரண்டு நாள் பயிற்சி.
இடைவேளைக்கு மக்கன்பேடா, காகிதக் கப்பில் டீ.
"கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டுப்
பத்து விநாடி வாய் திறக்காமல் நில்லுங்கள்"
என்றார் பயிற்சியாளர்.
கையில் ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுத்தாளும் கொடுத்தனுப்பினார்.
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.
நம்பியது மக்கன்பேடாவை மட்டும்தான்.

ஆம்பூர். மதியம் இரண்டு பத்து.
பி.எஸ்சி. இரண்டாமாண்டு, புள்ளியியல்.
நாற்பத்தொரு பேர். பாதிப் பேர் கண்ணில் இன்னும் சோறு.
சிலர் ராத்திரி ஷிப்டு முடித்து
ஷூ கம்பெனிப் பசை வாசனையோடு
நேரே பெஞ்சுக்கு வந்தவர்கள்.
தூங்காதே என்று சொல்ல எனக்கு வாயில்லை:
மூன்று மாதமாய்ச் சம்பளம் வராத கௌரவ விரிவுரையாளர்,
பஸ் பள்ளிகொண்டா வருவதற்குள்
தினமும் ஜன்னல் கம்பியில் தலை முட்டித் தூங்குகிறவள்.

கணக்கு இது.
ஒரு தையல் யூனிட். ஒன்பது பெண்கள்,
ஆளுக்கு ஒன்பதாயிரம்.
சூப்பர்வைசர் ஒருவர், முப்பத்தொன்பதாயிரம்.
சராசரி பன்னிரண்டாயிரம்.
"இதில் ஏதாவது இடிக்கிறதா?" என்றேன்.

வழக்கமாய் மூன்றாம் விநாடி நானே சொல்லிவிடுவேன்.
எட்டு வருடமாய் என் கேள்விக்கெல்லாம்
பதில் சொன்ன ஒரே மாணவி நான்.

ஒன்று.
இரண்டு. மின்விசிறி கடகடவென்கிறது.
மூன்று. நுனிநாக்குக்கு வந்ததைக் கடித்துக்கொண்டேன்.
நான்கு. பெங்களூர்ப் பக்கம் போகிற ரயில்
என் எண்ணிக்கையையும் ஏற்றிக்கொண்டு போயிற்று.
எங்கே விட்டேனோ, ஐந்து என்று வைத்துக்கொள்வோம்.
ஆறில் முதல் பெஞ்ச் இளவஞ்சி
எனக்காகப் பரிதாபப்பட ஆரம்பித்தாள்.
ஏழு. சாக்பீஸ் விரலிடுக்கில் ஈரமாகிவிட்டது.

சப்ரீன் எழுந்திருக்கவில்லை. கையும் தூக்கவில்லை.
"பன்னெண்டாயிரம் யார் கையிலயும் இல்லியே மேடம்."
"கூட்டி வகுத்தா வருதே" என்றான் பரிமேலன்.
"வருது. யாருக்கு வருது?
அந்த ஒம்போதுல ஒண்ணு எங்கம்மா."

பிறகு என் கையில் வகுப்பு இல்லை.
சூப்பர்வைசரைத் தூக்கு என்றது ஒரு குரல்,
அவருக்கும் குடும்பம் இருக்கு என்றது இன்னொன்று.
எல்லாரையும் சம்பளப்படி வரிசையா நிக்க வெச்சு
நடுவுல நிக்கறவங்களைக் கேட்டா என்ன?
யார் சொன்னது என்று தெரியவில்லை.
நான் எழுதுமுன்னே பிறந்துவிட்டது அது.
இடைநிலை என்று பெயர் வைத்ததுதான் என் வேலை.

இங்கே நிறுத்தினால் பயிற்சியாளருக்கு
ஒரு நல்ல கடிதம் ஆகும்.

மணி அடிக்க மூன்று நிமிடம் இருந்தது. மஞ்சள் தாளும் இருந்தது.
"இன்று புரியாத ஒன்றை எழுதுங்கள். பெயர் வேண்டாம்."
பஸ்ஸில் படித்தேன்.
எல்லாம் புரிந்தது, எல்லாம் புரிந்தது,
முப்பத்திரண்டு பேர் கூசாமல்.
ஒருவர் பூ வரைந்திருந்தார்.
ஒருவர்: சம்பளம் வந்துச்சா மேடம்?
ஒன்றில் பேனா அழுத்தித் தாளே கிழிந்திருந்தது:
"கடைசி பெஞ்சுக்கு மேல ஃபேன் சத்தம்.
போன வருசத்துலேர்ந்து ஒண்ணும் கேக்கல."

கையெழுத்து தெரியும். மோகனவேல்.
வருகைப்பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
பென்சிலால் "ஆர்வமில்லை" என்று எழுதியவள் நான்.
அன்று பள்ளிகொண்டா, அன்பூண்டி, எல்லாம்
முழித்துக்கொண்டே கடந்தேன்.

மறுநாள் ஃபேனை நிறுத்தினேன்.
சித்திரை மாசம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.
"மேடம்!" என்று நாற்பது தொண்டை.
அப்புறம் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது.
முகவாயிலிருந்து ஒரு சொட்டு
பதிவேட்டில் விழுந்து பென்சில் எழுத்தை
ஊறவைத்தது, அழிக்கவில்லை.

கேள்வியைக் கேட்டேன்.
ஒன்று.
கடைசி பெஞ்சில் ஒரு நோட்டு விசிறியாகிறது.
அவன் அதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான்.
இரண்டு.